லைஃப்ஸ்டைல் இதழின் ஆசிரியர் ஆவது எப்படி? அவர்கள் ஏன் நடிகர்கள் அளவுக்குப் பிரபலமாகிறார்கள்?

கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அந்த நாற்காலிக்கு எந்த வழியாக வருகிறார்கள் என்பது ஒன்று. நாளிதழ் ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றால்கூட யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை, ஃபேஷன், வீடு, சாப்பாடு என்று எழுதும் இதழின் ஆசிரியரை மட்டும் கேமராக்கள் ஏன் துரத்துகின்றன என்பது இன்னொன்று. நான் ஒரு மாத இதழில் சில வருடங்கள் உதவி ஆசிரியராக இருந்ததால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் கணக்கில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அந்த முகம் வேலையில் ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு இல்லை, வேலையிலேயே ஒரு பகுதி.

முதலில் பாதை. நன்றாக எழுதுகிறவர்தான் படிப்படியாக ஆசிரியர் ஆவார் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வகை இதழ்களில் அது ஒரு வாசல் மட்டுமே. ரூத் ரைஷல் அப்படி வந்தவர். நியூயார்க் டைம்ஸில் உணவக விமர்சகராக இருந்துவிட்டு 1999ல் கூர்மே என்ற உணவு இதழின் ஆசிரியர் ஆனார். இன்னொரு வாசல் படம், உடை, பக்க அமைப்பு வழியாக வருவது. எட்வர்ட் எனின்ஃபுல் 18 வயதில் ஐ-டி இதழின் ஃபேஷன் இயக்குநர். 2017ல் வோக் என்ற பிரபல ஃபேஷன் இதழின் பிரிட்டிஷ் பதிப்பு அவர் கைக்கு வந்தது.

எல்லோரும் உதாரணம் காட்டும், பல வருடம் அமெரிக்க வோக்கை நடத்திய அன்னா வின்டூரும் இந்த இரண்டாவது வாசல்தான். அவர் பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது நேர்கோடே இல்லை. 1970ல் லண்டனில் ஹார்ப்பர்ஸ் அண்ட் குவீன் இதழில் உதவியாளர். (அப்பா ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழின் ஆசிரியர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாசலில் யாரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்கள்.) 1975ல் நியூயார்க் போய் ஹார்ப்பர்ஸ் பஜாரில் சேர்ந்தார். ஒரு வருடம் முடிவதற்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து விவா. பென்ட்ஹவுஸ் என்ற ஆபாச இதழை நடத்தியவரின் பத்திரிகை அது, பயோடேட்டாவில் பெருமையாகப் போட்டுக்கொள்கிற இடம் இல்லை. அப்புறம் நியூயார்க் இதழ், 1983ல் அமெரிக்க வோக்கில் கிரியேட்டிவ் டைரக்டர், அங்கிருந்து பிரிட்டிஷ் வோக். 1987ல் ஹவுஸ் அண்ட் கார்டன் என்ற வீட்டலங்கார இதழைக் கொடுத்தார்கள். பேரை எச்ஜி என்று சுருக்கி, சோபாவும் தோட்டமும் இருந்த பக்கங்களில் உடைகளையும் பிரபலங்களையும் நிரப்பினார். சந்தாதாரர்கள் கோபப்பட்டார்கள், ‘ஹவுஸ் அண்ட் கார்மென்ட்’ என்று கிண்டல் வேறு. ஆனாலும் 1988ல் அமெரிக்க வோக்கின் ஆசிரியர் நாற்காலி அவருக்கே போனது. முதலாளிகள் பார்த்தது அவர் கையிலிருந்த இதழின் கணக்கை அல்ல, அவருடைய ரசனையையும் துணிச்சலையும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய முதல் அட்டை 1988 நவம்பர் இதழ். பிரெஞ்சு வடிவமைப்பாளர் லாக்ருவாவின் விலையுயர்ந்த மேல்சட்டை, கீழே சாதாரண ஜீன்ஸ், தெருவில் சிரித்தபடி நிற்கும் மாடல். அந்தச் சட்டைக்கு ஜோடியாக ஒரு பாவாடை இருந்தது. மாடல் லேசாக எடை கூடியிருந்ததால் அது பொருந்தவில்லை, அதனால்தான் ஜீன்ஸ். அச்சகத்திலிருந்து போன் செய்து, ஏதோ தப்பு நடந்திருக்கிறதா என்று கேட்டார்களாம். இதை வின்டூரே சொல்லியிருக்கிறார். அட்டைக்கென்று யோசித்து எடுத்த படமும் இல்லை அது. கையில் வந்து விழுந்த படங்களில் இதுதான் அட்டை என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆசிரியர் சம்பளம் வாங்குவது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

மூன்றாவது வாசல், சொந்தமாக இதழ் தொடங்குவது. 1994ல் ஆப்கானிஸ்தானில் செய்தி சேகரிக்கப் போய் குண்டடி பட்ட டைலர் புரூலே, 1996ல் வால்பேப்பர் இதழைத் தொடங்கினார், 2007ல் மோனக்கிள். இது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை, விட்டுவிடுவோம்.

இனி வேலை. எங்கள் அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்க அந்த மாத இதழின் பக்கங்கள் சின்னச் சின்னப் பிரதிகளாக வரிசையாக ஒட்டியிருக்கும். ஆசிரியர் அதன்முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். படிக்க மாட்டார், பார்ப்பார். “இங்கேயிருந்து இதுவரைக்கும் ஒரு மனுஷ முகம்கூட இல்லையே, வெறும் நாற்காலியும் மேஜையுமா இருக்கு” என்பார். அவ்வளவுதான், இரண்டு கட்டுரைகள் இடம் மாறும், ஒன்று அடுத்த மாதத்துக்குப் போகும். ஒருமுறை விளம்பரப் பிரிவுக்காரர் பதறிக்கொண்டு வந்தார். கட்டுரையின் தொடக்கப் படத்தில் இருந்தவர் கையில் ஒரு வாட்ச், எதிர்ப்பக்க விளம்பரமோ வேறு கம்பெனி வாட்ச். மணிக்கட்டுக்கு மேலே படத்தை வெட்டிவிடுங்கள் என்றார். ஆசிரியர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கை இல்லாம இந்தப் படத்துல என்ன இருக்கு? விளம்பரத்தைத் தள்ளி வைங்க” என்றார். “சார், வலது பக்கம்னு சொல்லி எக்ஸ்ட்ரா காசு கொடுத்திருக்காங்க.” “சரி, கட்டுரையைத் தள்ளுங்க, கையைத் தொடாதீங்க.” பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டிய சாயங்காலம் அது. வடிவமைப்பாளர் திட்டிக்கொண்டேதான் மாற்றினார். ஆனால் படம் முழுசாக வந்தது.

பிரபலத்துக்கான விடையும் அந்த வாட்ச் விளம்பரத்தில்தான் இருக்கிறது. இந்த வகை இதழை ஓட்டுவது பெரும்பாலும் கடையில் விற்கும் பிரதி இல்லை, விளம்பரம். விளம்பரம் கொடுப்பவர் வாங்குவது வெறும் பக்கத்தை அல்ல, ஒரு ரசனையின் பக்கத்தில் உட்காரும் உரிமையை. ரசனைக்கு ஒரு முகம் இருந்தால் அதன் விலை கூடுகிறது. அதனால்தான் ஆசிரியர் ஃபேஷன் ஷோவில் முதல் வரிசையில் உட்காருகிறார், விருந்துகளில் நிற்கிறார். எங்கள் ஆசிரியர் சுபாவத்தில் கூச்சக்காரர். விழாவுக்குப் போகிற நாளில் காலையிலிருந்தே முகம் வாடியிருக்கும், ஆனாலும் போவார்.

இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் ஓப்ரா வின்ஃப்ரே. 2000ல் தொடங்கிய ‘ஓ’ இதழின் அட்டையில் இருபது வருடத்துக்கு மாதாமாதம் அவரே நின்றார். முதல்முறை அவர் இல்லாமல் அட்டை வந்தது 2020 செப்டம்பரில், அந்த வருடக் கடைசியோடு மாத இதழும் நின்றது. வின்டூர் வேறு விதம். 1995லிருந்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவுக்காக நிதி திரட்டும் மெட் காலா என்ற வருடாந்திர விருந்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 2014ல் அந்தப் பிரிவின் கூடங்களுக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஓர் இதழாசிரியர் யாரை அழைக்கிறார் என்பதே உலகச் செய்தியாகிவிட்டது.

தலைகீழாக நடந்ததும் உண்டு. ஹெலன் கர்லி பிரவுன் செயலாளராக இருந்து, விளம்பர வாசகம் எழுதுபவராகி, 1962ல் ஒரு புத்தகத்தால் ஊரெல்லாம் பேசப்பட்டவர். இதழ் நடத்திய அனுபவம் துளியும் இல்லை. விற்பனை சரிந்துகொண்டிருந்த காஸ்மோபாலிட்டன் இதழை 1965ல் அவரிடம் கொடுத்தார்கள். 1997வரை நடத்தினார். இன்று ஃபாலோயர்களைச் சேர்த்துவிட்டு ஆசிரியர் பதவிக்கு வருகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் பழைய ஆட்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் புகழ் நாற்காலியைக் காப்பாற்றாது, வேலையில் கெட்டிக்காரத்தனமும் காப்பாற்றாது. வின்டூருக்கு முன் வோக்கின் ஆசிரியராக இருந்தவர் கிரேஸ் மிராபெல்லா. 1971லிருந்து 17 வருடங்களில் விற்பனையை 4 லட்சத்திலிருந்து 12 லட்சத்துக்குக் கொண்டுபோனவர். தன் வேலை போனது டிவியில் செய்தியாக வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ரைஷல் எவ்வளவோ பேர்பெற்றவர், 1941லிருந்து வந்துகொண்டிருந்த கூர்மேயை 2009ல் ஒரே அறிவிப்பில் மூடினார்கள். மிராபெல்லாவுக்கும் முன்பிருந்த டயானா வ்ரீலண்டை 1971ல் அனுப்பிய பிறகு, அதே மெட் அருங்காட்சியகத்தில் உடைக் கண்காட்சிகள் நடத்தி இரண்டாவது வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். அப்படி அமைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. நேற்றுவரை முதல் வரிசையில் இருந்தவருக்கு மறுநாள் அழைப்பிதழே வராது.

நாற்காலியின் உயரமும் இப்போது குறைந்துவருகிறது. 2025 ஜூனில் வின்டூர் அமெரிக்க வோக்கின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். செப்டம்பரில் அந்த இடத்துக்கு வந்தவர், அதுவரை வோக்கின் இணையதளத்தைக் கவனித்துவந்த க்ளோயி மால். தலைமை ஆசிரியர் என்ற பட்டம் அவருக்குக் கிடையாது, உள்ளடக்கத் தலைவர்தான். உலகப் பதிப்புகளின் மேற்பார்வை வின்டூரிடமே இருக்கிறது. வேலை ஏறக்குறைய பழையதுதான், கடைசி வார்த்தை மட்டும் மேலே போய்விட்டது.

இந்த வேலைக்கு வர நினைப்பவர் என்றால், நேர்காணலுக்கு உங்கள் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த இதழின் கடைசி வெளியீட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தைத் தூக்கியிருப்பீர்கள், அந்த இடத்தில் எதை வைத்திருப்பீர்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள். என்னிடம் கேட்டது அந்தக் கேள்விதான். நான் எழுதியதைக் கடைசிவரை யாரும் கேட்கவே இல்லை.