காற்றைப் பிடித்து வைத்த கோள், தவறவிட்ட கோள்: பாறைக் கோள்களின் வளிமண்டலம் பற்றிக் கேள்வி பதில்

வெள்ளி சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அவ்வளவு சூடு, அப்படித்தானே சார்?

தொடங்கி வைத்தது தூரம்தான். ஆனால் இன்றைய சூட்டுக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிக்குச் சதுர மீட்டருக்கு 2,600 வாட் வெயில் வருகிறது, பூமிக்கு 1,361. வெள்ளியின் கந்தக அமில மேகங்கள் அதில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கோளப் பரப்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால் வெள்ளி உள்வாங்குவது சதுர மீட்டருக்கு 160 வாட் போல; பூமி 240. நம்மைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டுதான் அது 460 டிகிரி செல்சியஸில் வேகிறது. காரணம், மேலே கிடக்கும் 92 பார் அழுத்தமுள்ள (நம் தரையில் 1 பார் போல) கரியமில வாயு.

பூமியிலும் ஏறக்குறைய அதே அளவு கார்பன் உண்டு. இங்கே அது சுண்ணாம்புப் பாறைக்குள் அடைபட்டிருக்கிறது. அப்படி அடைக்கத் தண்ணீர் வேண்டும். வெள்ளி தோற்றது அந்த இடத்தில்தான். பூமியில் மேலேறும் நீராவி, வெப்பமண்டலப் பகுதியில் 16, 17 கி.மீ. உயரத்துக் கடுங்குளிரில் பனித்துகளாகிவிடும். அதைத் தாண்டிப் போகும் காற்றில் பத்து லட்சத்துக்குச் சில பங்குதான் நீராவி. தரை சூடேறினால் இந்தக் குளிர்ப்பொறி பலவீனப்படும். நீராவி மேலடுக்கு வரை போகும். புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிடும். அதற்குத் தடயமும் இருக்கிறது. 1978இல் வெள்ளிக்குப் போன பயனியர் வீனஸ் கலத்தின் அளவீட்டில், சாதாரண ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட டியூட்டீரியத்தின், அதாவது கனமான ஹைட்ரஜனின், விகிதம் பூமியில் இருப்பதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். லேசானது ஓடியது, கனமானது தங்கியது. அங்கே கடல் இருந்ததா, தண்ணீர் தொடக்கம் முதலே ஆவியாகவே நின்றதா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. தண்ணீர் போனதில் கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் பூமியிலிருந்தும் ஹைட்ரஜன் கசிகிறதா?

கசிகிறது, நொடிக்கு 3 கிலோ போல. 450 கோடி ஆண்டுகளும் இதே வேகத்தில் போயிருந்தால்கூடக் கடலில் 1 சதவீதம் குறைந்திருக்காது. குளிர்ப்பொறி வேலை செய்யும் வரை கவலை இல்லை.

செவ்வாய் காந்தப்புலத்தை இழந்தது, அதனால் காற்றை இழந்தது என்று படித்தேன். சரியா?

பாதி சரி. வெள்ளிக்கும் கோள் அளவிலான காந்தப்புலம் கிடையாது. 92 பார் காற்றோடு நிற்கிறது. அதை மட்டும் வைத்துக் கதையை முடிக்க முடியாது.

செவ்வாயின் பெரிய பலவீனம் ஈர்ப்பு. அதைவிட்டுத் தப்ப நொடிக்கு 5 கி.மீ. வேகம் போதும், பூமியில் 11.2 வேண்டும். செவ்வாயின் மேலடுக்கில் ஆக்சிஜன் மூலக்கூறு அயனி (ஓர் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு) ஓர் எலக்ட்ரானைப் பிடித்து இரண்டாக உடைகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் ஒவ்வொரு ஆக்சிஜன் அணுவுக்கும் நொடிக்கு 6.5 கி.மீ. வரை வேகம் கொடுக்கும். செவ்வாயில் அந்த அணு தப்பிவிடும். பூமியிலும் வெள்ளியிலும் இதே வேதிவினை நடக்கிறது, அங்கே அணு திரும்பி விழுந்துவிடும்.

எவ்வளவு போனது என்பதற்கு ஆர்கன் நல்ல அளவுகோல். அது எதனுடனும் வினைபுரியாது, பாறைக்குள் ஒளியாது. 2014 முதல் செவ்வாயைச் சுற்றிய மேவன் கலத்தின் அளவீடுகளிலிருந்து, அங்கிருந்த ஆர்கனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்று கணித்தார்கள்.

ஒரு கோளில் மொத்தம் எவ்வளவு காற்று என்று நாமே கணக்குப் போட முடியுமா?

முடியும். தரை அழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து அந்தக் கோளின் ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு மேல் நிற்கும் காற்றின் நிறை கிலோவில் வரும். பூமி: 1,01,325 ÷ 9.8, சுமார் 10,300 கிலோ. செவ்வாய்: 610 ÷ 3.71, சுமார் 164 கிலோ. பலரும் தவறுவது, எல்லாக் கோளுக்கும் 9.8 போடுவதில். டைட்டன் பாறைக் கோள் அல்ல, சனியின் துணைக்கோள். ஆனாலும் நல்ல உதாரணம். அழுத்தம் நம்மைவிட ஒன்றரை மடங்குதான், ஈர்ப்பு முடுக்கமோ 1.35. அதனால் ஒரு சதுர மீட்டருக்கு மேல் நிற்கும் காற்று நம்மைப்போல் பத்து மடங்கு!

செவ்வாயின் 164 கிலோவை அதன் மொத்தப் பரப்பால் பெருக்கினால் அங்குள்ள மொத்தக் காற்றின் நிறை வரும். விடை சுமார் 24,000 லட்சம் கோடி கிலோ, அதாவது 2.4 பெருக்கல் பத்தின் 16ஆம் அடுக்கு. இன்றைய இழப்பு நொடிக்கு 2, 3 கிலோதான். அந்த வேகத்தில் இது தீர 30 கோடி ஆண்டு ஆகும். பெரும் இழப்பு நடந்தது இளஞ்சூரியனின் புற ஊதாக் கதிர் பல மடங்கு உக்கிரமாக இருந்த காலத்தில். இன்றைய வேகத்தைப் பின்னோக்கி நீட்டிக் கணக்குப் போட்டால் தப்பான விடைதான் கிடைக்கும்.

அந்த இளஞ்சூரியன் 70 சதவீத ஒளியோடு இருந்ததாமே. பூமி ஏன் உறைந்து போகவில்லை?

கரியமில வாயு மழைநீரில் கரைந்து சிலிக்கேட் பாறையை அரிக்கும். கரைந்தவை கடலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகப் படியும். தட்டு நகர்வில் அது ஆழத்துக்குப் போய், எரிமலை வழியாக வாயு திரும்பி வரும். குளிர்ந்தால் அரிப்பு குறையும், எரிமலை நிற்காது, வாயு சேரும், சூடேறும். சூடானால் தலைகீழ். ஆனால் இது மெதுவான கருவி, சரிசெய்யப் பல லட்சம் ஆண்டு பிடிக்கும். சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பெரும் உறைவில் பனி நடுக்கோடு வரை வந்துவிட்டது. அதை உருக்கியதும் எரிமலை வாயுதான். செவ்வாய் சிறியது, உட்சூடு சீக்கிரம் தணிந்தது, திருப்பித் தரும் பாதி நின்றுபோனது.

செவ்வாய்ப் பனியை உருக்கிக் காற்றை மீட்கலாமா அண்ணா?

எளிதில் எடுக்கக்கூடிய கரியமில வாயு முழுவதையும் வெளியேற்றினாலும் 20 மில்லிபார் அளவுதான் தேறும் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 37 டிகிரியில் தண்ணீர் கொதிக்காமல் இருக்கவே 63 மில்லிபார் வேண்டும். விண்வெளி உடையைக் கழற்ற முடியாது.

வேறொரு விண்மீனின் கோளில் ஆக்சிஜன் தெரிந்தால் உயிர் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். செங்குறு விண்மீன்கள் (சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்கள்) பிறந்து பல கோடி ஆண்டுகள் இயல்பைவிடப் பிரகாசமாக எரியும். அப்போது கோளின் கடல் ஆவியாகி, ஹைட்ரஜன் தப்பி, ஆக்சிஜன் மட்டும் எஞ்சலாம். உயிருக்கு அதில் வேலையே இல்லை. ஆக்சிஜனோடு மீத்தேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பூமியின் காற்றில் மீத்தேன் பத்தாண்டு போலத்தான் தாங்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் யாரோ, எதுவோ தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், காற்று இருக்கிறதா என்பதே கேள்வி. ட்ராப்பிஸ்ட்-1 விண்மீனின் முதல் கோள் அதன் பின்னால் மறையும்போது குறையும் அகச்சிவப்பு ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தது. காற்று வெப்பத்தை இரவுப் பக்கத்துக்கும் பரப்பியிருந்தால் பகல் பக்கம் 400 கெல்வின் அளவில் இருக்கும். 2023இல் வந்த விடை ஏறத்தாழ 500. வெறும் கரும்பாறைக்கு எதிர்பார்க்கும் வெப்பநிலை அது.