இரண்டு அரசுப் பள்ளிகளில் எது?

கேள்வி: பக்கத்தில் இரண்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் உள்ளன. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எப்படி ஒப்பிடுவது?

பதில்: சுவர் வண்ணத்தை விடுங்கள், ஆசிரியர் எண்ணிக்கையைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 மாணவர் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். இருவர் மட்டும் என்றால் ஐந்து வகுப்புகளையும் சேர்த்துத்தான் உட்காரவைப்பார்கள். ஒருவர் விடுப்பெடுத்தால் அன்று பாடம் நடப்பது சந்தேகமே. பள்ளி விவரங்களைத் தொகுக்கும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் (UDISE+) இணையதளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கொண்டு மாணவர், ஆசிரியர், கழிப்பறை விவரங்களைப் பார்க்கலாம். ஆனால் அது பழைய கணக்காக இருக்கலாம்; மாற்றுப்பணியில் வேறு இடத்துக்குப் போன ஆசிரியர்கள் உண்டா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். அனுமதி பெற்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக் குழாயையும் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று!