பெண்கள் ஃபுட்பால்ல நடக்கற அல்கார்வே கப், அமெரிக்கா நடத்தற ஷீபிலீவ்ஸ் கப் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, ப்ரெண்ட்லின்னு சொல்றாங்க, கடைசில கப்பும் குடுக்கறாங்க. இது என்ன கணக்கு?

ஃபிஃபா நடத்தற போட்டி இல்ல, ஜெயிச்சா உலகக்கோப்பைக்கு உள்ள போக வழியும் கிடைக்காது, அதான் ப்ரெண்ட்லி. ஆனா இறங்கறது நாட்டோட மெயின் டீம், அதனால ஆடின மேட்சும் போட்ட கோலும் வீராங்கனையோட சர்வதேச கணக்குல அப்படியே ஏறிடும். இதுல பழைய பெரிய பேரு போர்ச்சுகல்ல 1994ல ஆரம்பிச்ச அல்கார்வே கப். முதல் வருஷம் நார்வே, அதுக்கப்புறம் அமெரிக்கா மட்டும் 10 தடவை தூக்கிருச்சு.

கேள்வி: ரேங்கிங்ல ஏறுமா?

ஏறும், இறங்கவும் செய்யும். ஆனா சாதா ப்ரெண்ட்லிக்கு உலகக்கோப்பை மேட்சோட வெயிட்ல கால்வாசிதான்.

கேள்வி: அல்கார்வேல குரூப்ல முதலா வந்தும் பைனல் ஆடாத டீம் உண்டாமே, நெஜமாவா?

நெஜம்தான். ரொம்ப வருஷம் 12 டீம், மூணு குரூப். ஏ, பி ரெண்டுலயும் பலமான டீமா போட்டுட்டு சி குரூப்ல மத்தவங்கள வச்சாங்க, அங்க மூணு மேட்சும் ஜெயிச்சாலும் கப்புக்கு ஆட முடியாது. எனக்கு இது சுத்தமா பிடிக்கல, வர்றப்பவே நீ இவ்ளோதான்னு முத்திரை குத்தி அனுப்பற மாதிரி.

கேள்வி: ரெண்டு நாடு சேர்ந்து ஜெயிச்சதா ஒரு வருஷம் போட்டிருக்கே?

2018. பைனல் நடக்கவே விடாம மழை, நெதர்லாந்தும் ஸ்வீடனும் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2020ல இன்னும் கூத்து, கொரோனா நேரத்துல இத்தாலி பைனலுக்கு முன்னாடியே ஊருக்கு கிளம்பிட்டாங்க, கப் ஜெர்மனிக்கு.

கேள்வி: கப்புக்கு மதிப்பு இல்லன்னா பெரிய கோச்லாம் ஏன் வராங்க?

மதிப்பு இல்லன்னு யார் சொன்னா 😄 ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள மூணு மேட்ச், வேற வேற ஸ்டைல் எதிரணி, கிட்டத்தட்ட உலகக்கோப்பை குரூப் ஓட்டம் மாதிரியே இருக்கும், யாரு தாங்கறா யாரு தொங்கறான்னு கோச் அங்கதான் பாக்கறது, ரெண்டாவது கோல்கீப்பர இறக்கி பாக்கலாம், புது பொண்ணுக்கு 60 நிமிஷம் குடுக்கலாம், தோத்தாலும் யாரும் வேலைய விட்டு தூக்க மாட்டாங்க. அதனால ஸ்கோர மட்டும் பாத்து பேசாதீங்க, யார் ஸ்டார்ட் பண்ணாங்கன்னு பாருங்க. ஆனா 2025 ஷீபிலீவ்ஸ்ல ஜப்பான் ஆஸ்திரேலியாவ 4-0, கொலம்பியாவ 4-1, அமெரிக்காவ அவங்க ஊர்லயே 2-1ன்னு அடிச்சத எந்த சாக்கு சொல்லியும் குறைக்க முடியாது.

கேள்வி: டிரா ஆனா எக்ஸ்ட்ரா டைம் உண்டா?

லீக் முறைன்னா டிரா டிராதான். 2024ல ஷீபிலீவ்ஸ நாக்அவுட்டா மாத்தினாங்க, பைனல் அமெரிக்கா கனடா 2-2, பெனால்டில அமெரிக்கா.

கேள்வி: அல்கார்வே பேச்சே இப்ப காணோமே?

2022ல ஸ்வீடன் இத்தாலிய பெனால்டில ஜெயிச்சது. 2023ல யூரோப்ல பெண்கள் நேஷன்ஸ் லீக் வந்துருச்சு, அதுல பாயிண்ட் இருக்கு, மேல் பிரிவு கீழ் பிரிவுன்னு ஏறி இறங்கற பயம் இருக்கு. பிப்ரவரி தேதியும் அதுக்கே போயிடுது, அப்புறம் ப்ரெண்ட்லிக்கு யூரோப் டீம் எங்கேருந்து வரும்.