குளிக்க மறுக்கும் அம்மா

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் நோய் என்று சென்ற ஆண்டு தெரியவந்தது. முன்பெல்லாம் விடியுமுன் குளித்துவிடுவார். கோவிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பார். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் மணி குறித்து அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உதவிக்கு வரும் பெண் பதினொரு மணிக்குக் குளிக்க அழைத்தால் அடிக்க வருகிறார். மாலையில் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போய்விடுகிறார். அட்டவணையால் பயன் உண்டா?

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

பயன் உண்டு, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் வசதியான அட்டவணை. புதிய செய்திகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி இந்நோயின் தொடக்கத்திலேயே பழுதடைவதால், சுவரில் உள்ளதை அம்மா வாசித்தாலும் அது மனத்தில் தங்குவதில்லை. கை பழகிய காரியங்களின் நினைவோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது என்பதால் நெடுநாள் நிற்கிறது. எனவே அவருடைய பழைய நாள் எந்த வரிசையில் நடந்ததோ, அதையே பின்பற்றுங்கள். மணி முன்பின் ஆனாலும் வரிசை மாற வேண்டாம்.

விடியுமுன் குளித்துப் பழகியவரை, காலையுணவும் முடிந்தபின் வெளியாள் ஒருவர் ஆடை களையச் சொன்னால் அவர் கை ஓங்குவதை நான் நோயின் மூர்க்கம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். சம்பளம் கூடக் கேட்டால் கொடுப்பதே லாபம். தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் பலரை மிரட்டிவிடும். வாளியில் வெந்நீர் விளாவி வைத்து, சூட்டைச் சரிபார்த்தபின் சொம்பை அம்மா கையிலேயே கொடுங்கள். முதல் நீர் பாதத்தில் விழட்டும். தோளில் ஒரு துண்டு கிடந்தால் கூச்சம் குறையும். "குளிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும், "தண்ணி சூடாயிடுச்சு, வாங்கம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் மறுத்தால் அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

மாலைக் கலக்கம் இந்நோயில் பரவலாகக் காணப்படுவது. உடலின் நாளொழுங்கு குலைவதும், களைப்பும், பசியும், மங்கிய வெளிச்சத்தின் நிழல்களும் அதைக் கூட்டுகின்றன. "இதுதானே உங்க வீடு" என்று வாதாடாதீர்கள். இருட்டுமுன்பே விளக்குகளைப் போட்டு, சிற்றுண்டி கொடுத்து, உதிரி மல்லிகையையும் நாரையும் அவர் மடியில் வையுங்கள். கட்டு தளர்ந்திருந்தாலும் திருத்த வேண்டாம். அதற்கும் மேல் வாசலுக்குப் போனால், செருப்பை எடுத்துக் கொடுத்து, தெருமுனை வரை கூடவே நடந்து அழைத்து வாருங்கள். காலை வெயிலில் சிறிது நேரம் உட்காரவைப்பதும் பகல் தூக்கத்தைக் குறைப்பதும் இரவுக்கு உதவும்.

இப்படி நடந்துகொண்டிருக்கையில் ஓரிரு நாளில் திடீரென நிலை மோசமானால், நோய் முற்றிவிட்டதென்று இருந்துவிடாமல், சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ புதிய மாத்திரையோ காரணமா என்று மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். ஆளை அடக்குவதற்காகக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியோருக்கு உயிராபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. அவற்றைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரே எழுதினாலும், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.