பிரிண்டர் ஒன்று, பேப்பர் அளவு பல: லினக்ஸ் கேள்வி-பதில்

கே: லிப்ரே ஆபீஸில் கொடுத்தால் ஏ4 தாளில் ஒழுங்காக வருகிறது. அதே பிரிண்டருக்கு பயர்பாக்ஸிலிருந்து கரண்ட் பில் ரசீதை அனுப்பினால் ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பட்டனை அமுக்கினால்தான் தாள் வெளியே வருகிறது. பிரிண்டர் பழுதா சார்? (பெரம்பூர் வாசகர்)

ப: பிரிண்டரில் கோளாறு இருக்கும் என்று நினைக்கவில்லை. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுமுன் பயர்பாக்ஸின் பிரிண்ட் பக்கத்தில் பேப்பர் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் ‘லெட்டர்’ என்றுதான் இருக்கும். லெட்டர் 216 x 279 மி.மீ., ஏ4 210 x 297 மி.மீ. கேட்ட அளவு ட்ரேயில் இல்லையென்றால் சில மாடல்கள் அப்படியே நின்றுவிடும். நீங்கள் பட்டனை அமுக்குவது, ‘இருக்கிற தாளிலேயே அடி’ என்று சொல்வதுதான்.

பாரிமுனைக் கடைகளில் போய்ப் பேப்பர் கேட்டால் ஏ4 கட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு இந்த லெட்டர் எங்கிருந்து வந்தது? லினக்ஸை நிறுவும்போது மொழியை அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டிருந்தால், பல புரோகிராம்கள் அமெரிக்கத் தாளையே இயல்பாக எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்த வகைத் தொல்லைகளில் பாதி தீரும். லினக்ஸில் பிரிண்ட் வேலையைப் பார்ப்பது ‘கப்ஸ்’ என்ற மென்பொருள். 1999-ல் வந்தது, ஆப்பிளின் மேக்கிலும் அதுதான் ஓடுகிறது. பிரிண்டருக்கான பொது செட்டிங் கப்ஸிடம் இருக்கும். அதற்கு மேலே உங்கள் லாகினுக்கென்று ஒரு செட்டிங் இருக்கலாம். அதற்கும் மேலே ஒவ்வொரு புரோகிராமும் தான் கடைசியாகப் பயன்படுத்தியதை நினைவில் வைத்துக்கொள்ளும். மூன்றும் முரண்பட்டால் புரோகிராம் சொல்வதுதான் நடக்கும். அதனால்தான் ஓரிடத்தில் மாற்றினால் இன்னோரிடத்தில் மாறுவதில்லை.

அடியிலிருந்து தொடங்குங்கள். முதலில் சிஸ்டம் செட்டிங்கில் மொழி, வட்டாரம் பகுதிக்குப் போய் ‘ஃபார்மட்ஸ்’ என்பதை இந்தியா என்று மாற்றி, லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். மெனுவின் மொழியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பிரிண்டரை முதலில் சேர்த்தபோது பதிந்த அளவு கப்ஸில் அப்படியே நிற்கும். அதை மாற்ற பிரவுசரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அடித்து முக்காற்புள்ளி போட்டு 631 என்று கொடுத்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். பிரிண்டரின் பெயரைத் தொட்டு, அட்மினிஸ்ட்ரேஷன் பட்டியலில் ‘செட் டிஃபால்ட் ஆப்ஷன்ஸ்’ போய் ஏ4 வையுங்கள். கடைசியாக பயர்பாக்ஸில் ஏ4 தேர்ந்து ஒருமுறை பிரிண்ட் கொடுங்கள். அந்தப் பிரிண்டருக்கு அதையே நினைவில் வைத்துக்கொள்ளும்.

கே: அதே கம்ப்யூட்டர், அதே எப்சன். என் லாகினில் கறுப்பு வெள்ளையில் வருகிறது, மகள் லாகினில் கலரில் வருகிறது. டெர்மினலில் ‘சுடோ’ போட்டு, அட்மின் உரிமையோடும் மாற்றிப் பார்த்துவிட்டேன். (மேடவாக்கம்)

ப: பிரிண்டர் செட்டிங்கை மாற்றும் ‘எல்பி ஆப்ஷன்ஸ்’ கட்டளையை சுடோவோடு கொடுத்தால் அது எல்லோருக்குமான ஃபைலில் எழுதும், சுடோ இல்லாமல் கொடுத்தால் அந்த லாகினின் ஹோம் ஃபோல்டரில் எழுதும். ஹோம் ஃபோல்டரில் உள்ளதே மேலோங்கும் என்பதால் நீங்கள் சுடோவில் செய்தது மகளை எட்டவில்லை. மகளின் லாகினில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, ‘.கப்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘எல்பி ஆப்ஷன்ஸ்’ ஃபைலை நகர்த்தி வைத்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் புராஜெக்டுக்குக் கலர் கேட்பார்கள்தான். அதை அந்தந்த வேலையில் தேர்ந்துகொள்ளட்டும், பொது செட்டிங் கறுப்பாகவே இருக்கட்டும். இங்க் விற்கிற விலைக்கு அதுதான் சரி.

கே: வடபழனியில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கஸ்டமர் பென் டிரைவில் கொண்டுவரும் ஃபைலைத் திறந்தால் பிரிண்டர் செட்டிங் தானாக மாறிவிடுகிறது. (வடபழனி)

ப: லிப்ரே ஆபீஸ் ஃபைலுக்குள்ளேயே அதைத் தயாரித்தவரின் பிரிண்டர் செட்டிங்கும் ஒட்டிக்கொண்டு வரும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் வரிசையில் போய் ‘லோட் பிரிண்டர் செட்டிங்ஸ் வித் த டாக்குமெண்ட்’ என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். பக்க அளவு லீகல் என்று இருந்தால் அது வேறு விஷயம். அது பேஜ் ஸ்டைலில் இருக்கிறது. கஸ்டமரைக் கேட்காமல் அதை ஏ4 ஆக்காதீர்கள். பத்திரங்களில் வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தாவினால் அவருக்குப் பெரிய தலைவலி.

கே: பிரிண்டர் பட்டியலில் எங்கள் வைஃபை பிரிண்டர் இரண்டு முறை தெரிகிறது. ஒன்றில் இரண்டு பக்க பிரிண்ட் வருகிறது, மற்றதில் அந்த ஆப்ஷனே இல்லை. (அடையாறு)

ப: ஒன்று நீங்கள் டிரைவர் போட்டுச் சேர்த்தது. மற்றது கப்ஸ் நெட்வொர்க்கில் தானே கண்டுபிடித்தது. இரண்டுக்கும் தனித்தனி செட்டிங். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதில் பிரிண்ட் கொடுத்தால் பலன் இராது. சரியாக வேலை செய்வதை டிஃபால்ட் ஆக்குங்கள். நீங்கள் சேர்த்தது தேவையில்லை என்றால் அழித்துவிடுங்கள்.

கே: பிடிஎஃப்பில் 100 மி.மீ. கோடு, தாளில் 97 மி.மீ. தான் வருகிறது. (கிண்டி, பொறியியல் மாணவி)

ப: எவின்ஸ் என்ற டாக்குமெண்ட் வியூவராக இருந்தால், பிரிண்ட் டயலாகின் ‘பேஜ் ஹேண்ட்லிங்’ பக்கத்தில் ஸ்கேலிங்கை, அதாவது தாளுக்கேற்பப் பக்கத்தைச் சுருக்குவதை, ‘நன்’ என்று வையுங்கள்.

கே: எல்லாம் மாற்றிப் பார்த்தேன், ஒரு புரோகிராம் மட்டும் அடங்கவில்லை. யார் மேல் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தாம்பரம்)

ப: அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்து, டெர்மினலில் ‘எல்பி’ கட்டளையால் நேராக பிரிண்டருக்கு அனுப்புங்கள். சரியாக வந்தால் புரோகிராம்தான் காரணம். தப்பாக வந்தால் கப்ஸிலோ டிரைவரிலோ தேட வேண்டும். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் கப்ஸ் பக்கத்தின் அட்மினிஸ்ட்ரேஷனில் ‘டிபக்’ பதிவுக்கு டிக் போட்டு, அந்தப் புரோகிராமிலிருந்து ஒரே ஒரு பக்கம் அடியுங்கள். பிறகு எரர் லாகைத் திறந்தால், அந்த வேலையோடு வந்த பேப்பர் அளவு, கலர், பக்கம் எல்லாம் வரியாக எழுதியிருக்கும். நீங்கள் கேட்காத ஒன்று அதில் இருந்தால் அதையே தேடுங்கள். பார்த்து முடித்ததும் அந்த டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள். லாக் ஃபைல் வேகமாகப் பெரிதாகிவிடும்.