எத்தனை அறுவடை? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் எழுத்துகளை மூன்று ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்கு 31 வயது, மனைவிக்கு 29. இருவரும் வேலைக்குப் போகிறோம். திருமணமானதிலிருந்து ஒரு வருடமாகச் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் என் பெற்றோருடன் இருக்கிறோம். அரசாங்கம் புதிதாகக் கட்டிக் குலுக்கலில் தரும் பிடிஓ வீட்டுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. இப்போது அங் மோ கியோவில் ஒரு மறுவிற்பனை வீடு பார்த்திருக்கிறோம். நாலறை, 1978-ல் கட்டிய பிளாக், நல்ல காற்று, சமையலறை போன வருடம்தான் புதுப்பித்தது.

வீட்டு எண் 18-32. புத்தாண்டு ஆராதனையில் எங்களுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 32:18 இருந்தது: "என் ஜனம் சமாதான தாபரங்களிலும், நிலையான வாசஸ்தலங்களிலும், அமைதியாய்த் தங்கும் இடங்களிலும் குடியிருக்கும்." கதவில் எண்ணைப் பார்த்ததும் மனைவி அழுதுவிட்டாள். எங்கள் ஜெபக்குழுத் தலைவரும் இது கர்த்தர் காட்டிய அடையாளம், விசுவாசத்தோடு காலை வையுங்கள் என்கிறார். வீட்டின் அதிகாரபூர்வ மதிப்பீட்டுக்கு மேல் 40,000 வெள்ளியாவது ரொக்கமாகத் தர வேண்டிவரும் என்கிறார் ஏஜண்ட். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆப்ஷன் (வாங்கும் உரிமைப் பத்திரம்) எடுக்காவிட்டால் வேறு குடும்பம் எடுத்துவிடுமாம்.

என் கேள்வி இதுதான். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் சொல்கிறதே, 25 வருடக் கடனை ஒரு விசுவாசி எடுக்கலாமா? மாமியார் செங்காங்கில் இருக்கிறார், தன் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கச் சொல்கிறார். அதையும் யோசிக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரர்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் தோ பாயோவில் என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் பழைய தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அண்ணனுக்கு எழுபது ஆகிறது, கண் சரியாகத் தெரியவில்லை. வீட்டின் குத்தகைக் காகிதத்தைத் தேடித் தரச் சொன்னார். அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் போனில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். நிறையக் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன். இதை விட மனம் வரவில்லை.

கடன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கடன் வாங்குவது பாவம் என்று வேதம் சொல்லவில்லை. நீதிமொழிகள் 22:7 உலக நடப்பைச் சொல்கிறது, கட்டளை போடவில்லை. வாங்கிய கடனைச் செலுத்தாமல் போகிறவனைத்தான் 37-ஆம் சங்கீதம் துன்மார்க்கன் என்கிறது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தரும் கடன் என்றால் வட்டி 2.6 சதவீதம், வீட்டு விலையில் 75 சதவீதம் வரைதான் கிடைக்கும். மாதத் தவணை உங்கள் இருவர் வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அது சட்டம் போட்ட உச்சவரம்பு. அவ்வளவு தூரம் போயே ஆகவேண்டும் என்பதில்லை. ஒருவர் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள், ஏனென்றால் குழந்தை பிறந்தால் கொஞ்ச காலமாவது ஒரு சம்பளம்தான். போதும்.

மாமியார் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். குழந்தை பிறந்த பிறகு இன்னும் நல்லது.

இப்போது கதவு எண்ணுக்கு வருகிறேன். உங்கள் மனைவியின் கண்ணீரை நான் குறைத்து எண்ணவில்லை. குலுக்கலில் இரண்டு முறை ஏமாந்து, புகுந்த வீட்டில் ஒரே அறையில் ஒரு வருடம் குடித்தனம் செய்த பெண் எந்தக் கதவைப் பார்த்தாலும் அழுவாள். அந்தக் கண்ணீரைத் தேவன் அறிவார். ஆனால் உங்கள் ஜெபக்குழுத் தலைவர் செய்தது தவறு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். கதவில் ஒட்டிய எண் தேவவார்த்தை ஆகாது. 18-32 என்ற எண் இந்தத் தீவில் வேறு பிளாக்குகளிலும் இருக்கும். அங்கே குடியிருக்கிறவர்களுக்கும் ஏசாயா எழுதினாரா? உங்கள் வசனத்துக்கு முந்தின வசனத்தைப் படியுங்கள், சமாதானம் நீதியின் விளைவு என்று இருக்கிறது. அடுத்த வசனத்தைப் படியுங்கள், கல்மழை பெய்கிறது, நகரம் தாழ்ந்துபோகிறது. அட்டையில் அச்சடிக்க நடுவிலிருந்து ஒரு வரியை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

நிலம் வாங்கக் கர்த்தர் நேராகவே சொன்ன ஒருவர் வேதத்தில் இருக்கிறார். எரேமியா 32-ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். பெரியப்பா மகன் அனாமெயேல் வருவான், ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கு என்று கர்த்தர் முன்கூட்டியே சொல்கிறார், சொன்னபடியே அவன் வருகிறான். இதைவிடத் தெளிவான அடையாளம் யாருக்குக் கிடைக்கும்? அதற்குப் பிறகும் எரேமியா என்ன செய்தார்? பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்தார். பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிகளை நிறுத்தினார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பத்திரங்களையும் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். கர்த்தர் சொல்லிவிட்டார், காகிதத்தைப் படிக்கத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை.

நீங்கள் காகிதத்தைப் படித்தீர்களா தம்பி? கடிதத்தில் மாடி இருக்கிறது, காற்று இருக்கிறது, சமையலறை இருக்கிறது, ரொக்கம்கூட இருக்கிறது. வீவக வீடு 99 வருடக் குத்தகைதானே, அதில் எத்தனை ஆண்டு மீதி என்பது மட்டும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் குமாஸ்தா. தளத்துக் குவாட்டர்ஸில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். 1968 ஜனவரியில், 1971-க்குள் படைகளைத் திரும்பப் பெறுவதாகப் பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்தார்கள். எங்கள் வரிசையில் இருந்த தமிழ், மலையாளக் குடும்பங்களில் அன்றைக்கு அடுப்பு எரிந்த மாதிரியே எனக்கு நினைவில்லை. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போகப் போகிறது. பலர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். அப்பா இருந்த சேமிப்பையெல்லாம் திரட்டி, 1970-ல் தோ பாயோவில் ஒரு மூவறை வீடு வாங்கினார். விலை எட்டாயிரம் வெள்ளிக்கும் குறைவு. அதற்கே அம்மாவின் இரண்டு வளையல் போயிற்று.

வீட்டு ஜெபத்துக்குச் சபை ஐயர் வந்தார். எல்லா வீட்டிலும் போல "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில்" என்று 127-ஆம் சங்கீதத்தைத் திருப்பினார். அப்பா எழுந்து, ஐயா, லேவியராகமம் 25 வாசியுங்கள் என்றார். ஐயருக்கே ஆச்சரியம். எனக்குப் பன்னிரண்டு வயது, பாயில் உட்கார்ந்து கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்."

அந்த அதிகாரத்தை வீடு வாங்கப் போகிற ஒவ்வொருவரும் பொறுமையாகப் படிக்கவேண்டும். ஐம்பதாம் ஆண்டு யூபிலி. அப்போது நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே இடையில் நிலத்தை வாங்குகிறவன் நிலத்தை வாங்குவதில்லை, யூபிலி வரைக்குமான விளைச்சலைத்தான் வாங்குகிறான். வருஷம் அதிகம் மீதி இருந்தால் விலை ஏறவேண்டும், குறைவாக இருந்தால் விலை குறையவேண்டும். அப்படிச் செய்யாமல் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்யாதீர்கள் என்று வசனம் தெளிவாகச் சொல்கிறது. மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய குத்தகைக் கணக்கு இது! மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டுக்கு இந்த விதி இல்லையே என்று வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் எழுதுவார்கள். தெரியும். ஒரு வருடத்துக்குள் மீட்காவிட்டால் அந்த வீடு வாங்கினவனுக்கே நிலைத்துவிடும். நம் வீவக வீடு அந்த மாதிரி நிலைப்பதில்லை. நம்முடையது 99 வருடம், அப்புறம் வீவகவுக்கே திரும்பிப் போகும்.

அன்றைக்கு ஜெபம் முடிந்து பாயசம் குடிக்கும்போது அப்பா எங்களிடம், "இது நமக்குத் தொண்ணூற்றொன்பது அறுவடை" என்றார். சொந்த வீடு என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கர்த்தர் தந்த குத்தகை என்பார்.

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அப்பாவின் மகளாக இருந்தும் நானே அதை மறந்தேன். 1996-ல் வீட்டு விலைகள் உச்சத்தில் இருந்தன. எங்கள் சபையில் ஒருவர், பெயர் வேண்டாம், பிரசங்கத்துக்குப் பிரசங்கம் "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு" என்று முழங்கினார். நானும் கணவரும் பீஷானில் ஐந்தறை வீடு எடுத்தோம். இரண்டு சம்பளத்தையும் கடைசி வெள்ளி வரை போட்டுக் கணக்குச் செய்திருந்தோம். அடுத்த ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி. 1998-ல் கணவருக்கு வேலை போயிற்று. மூன்று வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டை விற்றோம். வங்கிக் கடனை அடைத்தபின் மிஞ்சியது சம்பளத்தில் பிடித்துச் சேமிக்கும் எங்கள் மத்திய சேம நிதி (மசேநிதி) கணக்குக்குத் திரும்பவேண்டிய தொகையில் பாதிகூட இல்லை. நாம் வீட்டுக்காக எடுத்த மசேநிதிப் பணத்தை, விற்கும்போது வட்டியோடு சேர்த்துத் திருப்பி வைக்கவேண்டும். அதை வாங்கும்போது யார் நினைக்கிறார்கள்? கையில் ஒரு வெள்ளி வரவில்லை. விசாலமாக்கச் சொன்னவர் அதற்குள் வேறு சபைக்குப் போய்விட்டார்.

இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் போய் நின்ற இடம் தோ பாயோ மூவறை வீடு. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். நாலரை வருடம். ஒரே சம்பளத்தில், கணக்குப் பார்த்து, தகுதிக்குள் வாங்கிய வீடு அது. அதனால்தான் அதில் எங்களுக்கும் இடம் இருந்தது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். 1978-ல் குத்தகை தொடங்கியிருந்தால் 2077-ல் முடியும். ஏறத்தாழ 51 ஆண்டு மீதி. உங்கள் மனைவிக்கு அப்போது 80 வயது. வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை இருந்தால்தான் மசேநிதியை முழு அளவில் பயன்படுத்த முடியும். 2019-லிருந்து அதுதான் விதி. உங்களுக்கு 66 ஆண்டு வேண்டும், 15 குறைகிறது. மசேநிதியும் குறையும், வீவக கடனும் குறையும். அந்தப் பள்ளத்தையும் நீங்கள்தான் ரொக்கத்தால் நிரப்பவேண்டும். அதற்கு மேல் 40,000. அதற்கு மசேநிதியும் உதவாது, கடனும் உதவாது. மதிப்பீடு ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வரும், ஆகவே அந்த 40,000-மும் ஏஜண்ட் வாயில் வந்த எண்தான். இவற்றில் எதையாவது ஏஜண்ட் சொன்னாரா? ஜெபக்குழுத் தலைவர் சொன்னாரா? இருவரும் உங்களை அவசரப்படுத்த மட்டும் செய்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது தம்பி.

பழைய பிளாக்கை அரசாங்கம் எப்படியும் எடுத்துக்கொண்டு புது வீடு தரும் என்று சொல்வார்கள். அப்படி எடுக்கும் செர்ஸ் திட்டத்தில் எல்லாப் பழைய வீடுகளும் வராது, குத்தகை முடிந்தால் வீடு திரும்பிவிடும் என்று 2017-ல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் வெளிப்படையாகவே எழுதினார். கேலாங் லோரோங் 3-ல் 191 வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. அவை வீவக வீடுகள் அல்ல, ஆனாலும் குத்தகை குத்தகைதான். நிலம் திரும்பிப் போயிற்று, இழப்பீடு கிடையாது.

இன்னொன்று, நம் ஆட்கள் வாங்கும்போது நினைக்காதது: பிளாக்கின் இன விகிதம், அதாவது ஒரு பிளாக்கில் ஒவ்வோர் இனத்தாரும் எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு. 1989-லிருந்து இருக்கிறது. நாளை நீங்கள் விற்கும்போது அந்தப் பிளாக்கில் சீனருக்கான விகிதம் நிரம்பியிருந்தால், சீனக் குடும்பம் உங்களிடம் வாங்க முடியாது. வாங்குகிறவர்கள் குறைவு என்றால் விலையும் குறையும். விற்கவே போவதில்லை என்றால் கவலையில்லை.

பழைய வீட்டை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. 51 அறுவடை சின்ன விஷயமில்லை. அந்த விலை 51 அறுவடைக்கான விலையா, 99-க்கான விலையா என்பதைப் பாருங்கள் என்கிறேன். கோபுரம் கட்டுகிறவன் முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னார். உட்கார்ந்து என்கிறார், கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடு என்று சொல்லவில்லை. அந்த வீடு போனால் போகட்டும்.

அப்பாவின் குத்தகைக் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். 99-ஐக் கூட்டி 2069 என்று போட்டு, அதன் கீழே அண்ணன் பெயரும் என் பெயரும், அந்த வருடத்தில் எங்களுக்கு என்ன வயது என்பதும். அண்ணனுக்கு 113, எனக்கு 111. அடியில் ஒரே வரி: "பிள்ளைகள் காலத்துக்குப் போதும்." அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

நீங்களும் மனைவியும் சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்து, ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். குத்தகை எந்த மாதம் தொடங்கியது என்று வீவக இணையத்தளத்தில் பார்த்து எழுதுங்கள். ரொக்கத்தையும் எழுதுங்கள். பிறகு இருவரும் ஜெபம் பண்ணுங்கள். என்ன கணக்கு வந்தது என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள். உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்மா