கால் குடைச்சலுக்கும் பரம்பரை உண்டு

கேள்வி: எனக்கு வயது 39. நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாகச் சரியான தூக்கம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கண் அசருகிறது. ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும். கோபமும் அழுகையும் சட்டென்று வருகின்றன. கணக்கில் எண்கள் மறந்துபோகின்றன. என் அப்பா பத்து மா நிலத்தில் சாகுபடி செய்தவர். கடைசிவரை இரவில் தூங்காதவர். சில சமயம் மாதக்கணக்கில் யாரிடமும் பேச மாட்டார். தம்பி ஒருமுறை மூன்று நாள் தூங்காமல் ஊரைச் சுற்றிக் கடன் வாங்கிப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினான். பிறகு இரண்டு மாதம் பாயை விட்டு எழவில்லை. அம்மா இரவில் காலை அமுக்கிவிடச் சொல்வார். எனக்கும் இப்போது படுத்தால் கால் குடைகிறது. மருந்துக்கடையில் கொடுத்த சளி மாத்திரையைப் போட்டால் சில நாள் தூக்கம் வருகிறது. நான் கட்டியிருப்பது அத்தை மகனை. இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? பதினேழு வயது மகனும் இரவு ஒரு மணிவரை விழித்திருக்கிறான். எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்வதாக விளம்பரம் வருகிறதே, எடுக்கலாமா? தூக்கமே இல்லாமல் உயிர் போகும் பரம்பரை நோய் பற்றி ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

பதில்: பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம், சகோதரி. அந்த வீடியோவில் சொன்ன நோய் உண்மையில் இருப்பதுதான். 1986-இல் ஓர் இத்தாலியக் குடும்பத்தைப் பற்றி மருத்துவர்கள் எழுதியபோது வெளியே தெரிந்தது. பிரியான் என்ற புரதத்துக்கான மரபணுவில் நேரும் ஒரே ஒரு பிழையால் வருவது. உலகம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் சில பத்துக் குடும்பங்களில்தான் இருக்கிறது. வந்தால் சில மாதங்களிலேயே நடையும் பேச்சும் குலைந்துபோகும். மூன்று ஆண்டுகளாக ஆலைக்குப் போய்க் கணக்கு எழுதிக்கொண்டு, எனக்கும் இவ்வளவு தெளிவாகக் கடிதம் எழுதியிருக்கும் உங்களுக்கு அது இல்லை.

உங்கள் கடிதத்தில் நான் பேனாவால் கோடிட்டது வேறு ஒரு வரியை. அம்மாவுக்குக் கால் அமுக்கியதையும், இப்போது உங்களுக்குக் கால் குடைவதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பரம்பரை என்று நீங்கள் தேடுவது அப்பாவின் பக்கத்தில். எனக்கு அது முதலில் கண்ணில் பட்டதோ அம்மாவின் கால்களில்.

குடைச்சல் என்று நாம் பலவற்றைச் சொல்கிறோம். நாளெல்லாம் நின்ற அலுப்பு, சர்க்கரையால் வரும் பாத எரிச்சல், நரம்பு சுருண்டு புடைத்த கால் எல்லாமே குடைச்சல்தான். நான் கேட்பது வேறு. படுத்த சிறிது நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல, இழுப்பது போல இருந்து, காலை ஆட்டாமல் இருக்கவே முடியவில்லையா? எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்தால் அடங்கி, திரும்பப் படுத்தால் திரும்ப வருகிறதா? பகலில் பெரிதாகத் தெரியாமல் பொழுது சாய்ந்தபின் கூடுகிறதா? ஆம் என்றால் அதற்கு ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்று பெயர். இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்திலும் யாருக்காவது இருக்கும். இதற்குத் தொடர்புடைய மரபணுக்கள் சிலவற்றை 2007 முதல் அடையாளம் கண்டுவருகிறார்கள்.

மூளையில் இரும்புச்சத்து குறையும்போது டோபமின் என்ற ரசாயனத்தின் வேலை தடுமாறுகிறது. கால்கள் அடங்க மறுக்கின்றன. ‘ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே’ என்பீர்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், உங்களுக்கு எளிதில் விளங்கும்: அன்றாட வரவு செலவு சரியாக ஓடினாலும் கிடங்கு காலியாக இருக்கலாம். ஹீமோகுளோபின் அன்றாடக் கணக்கு. கிடங்கின் இருப்பைச் சொல்வது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. அந்த எண் 75-ஐத் தாண்டவில்லை என்றால், இந்தக் கால் தொல்லைக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வழிமுறை. உங்கள் வயதில் மாதவிலக்குப் போக்கு அதிகமா என்பதையும் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே ரத்தத்தை இழந்துகொண்டிருக்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். பரிசோதிக்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். அது தேவையில்லாத உடம்பில் சேர்ந்தாலும் கெடுதல். மருத்துவர் கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது.

அந்தச் சளி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். தூக்கம் வரவழைக்கும் பழைய ரக ஒவ்வாமை மாத்திரைகள் இந்தக் கால் குடைச்சலைக் கூட்டும். மாத்திரை போட்ட இரவுகளில் கண் செருகியும் கால் அடங்காமல் தவித்திருப்பீர்களே? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவும் இதைக் கூட்டுவதுண்டு. ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் மனக்கவலையைச் சொல்வதற்கு முன்பு கால் குடைச்சலைச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் வருவோம். பத்து மா சாகுபடி செய்தவரின் இரவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும். எழுந்து போய்ப் போட வேண்டும். முறைத் தண்ணீர் வருகிற இரவில் மண்வெட்டியும் டார்ச் லைட்டுமாக மடையில் உட்கார வேண்டும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துத் தார்ப்பாய் போர்த்தினால், மழை பயத்தில் அங்கேயே படுக்கை. முப்பது வருடம் இப்படி வாழ்ந்த உடம்பு தூக்கத்தை மறந்துபோவதற்கு மரபணுவே தேவையில்லை. குடும்பத்தில் ஒரு தொல்லை அடுத்தடுத்து வந்தால் அது ரத்தத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரே வீடு, ஒரே கடன், ஒரே வேலைநேரம் ஆகியவையும் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வந்துசேர்கின்றன.

ஆனால் மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததை மும்முனை மின்சாரத்தின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. அது மனச்சோர்வு நோயாக இருந்திருக்கலாம். இரட்டையர்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில், மனச்சோர்வில் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு 37 அளவில் வருகிறது. தூக்கமின்மைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த எண்ணைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். உங்களுக்கு நோய் வர 37 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருளில்லை. ஊரில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பிறப்போடு வந்தது என்பதற்கான கணக்கு அது. ஒரு தனி ஆளுக்கு அதை வைத்து ஜோதிடம் சொல்ல முடியாது.

தம்பி விஷயம்தான் எனக்குக் கவலை. மூன்று நாள் தூக்கமில்லாமலும் களைப்பில்லாமல் சுற்றுவது, கைமீறிச் செலவு செய்வது, பின்பு இரண்டு மாதம் முடங்குவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ‘பைபோலார்’ எனப்படும் இருதுருவ மனநோயோ என்ற சந்தேகம் வருகிறது. மனநோய்களில் பரம்பரைப் பங்கு மிக அதிகமானவற்றில் அது ஒன்று. நூற்றுக்கு 60-க்கும் மேல். அப்படியிருந்தும், பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் அந்த நோய், கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வருகிறது. மீதித் தொண்ணூறு பேர் தப்பிவிடுகிறார்கள். தம்பியைத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். லித்தியம் என்ற பழைய, மலிவான மருந்து இன்றும் இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் மனநல மருத்துவரைப் பார்க்கும்போதும் தம்பியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு எந்த மருந்து பாதுகாப்பானது என்ற முடிவு அதனால் மாறும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ தம்பிக்கோ எப்போது வந்தாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம், நடுநிசியிலும் எடுப்பார்கள்.

அத்தை மகனைக் கட்டியதற்கு வருவோம். உங்கள் மகனுக்கு ஒரே கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியின் மரபணு இரு வழியாகவும் வருகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு இது ஆபத்துதான். பிறவிச் செவிட்டுத்தன்மை சிலவற்றை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். தூக்கமும் மனநிலையும் அப்படி ஒரு பழுதில் நிற்பவை இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இழுக்கிற தேர். உறவில் கட்டியதால் அந்தப் பாரம் இரட்டிப்பாகிவிடாது. அத்தைக்கு இப்படி ஏதாவது இருந்ததா என்று மட்டும் கணவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்சில் பரிசோதனைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 லட்சம் பேரைப் பார்த்து, தூக்கமின்மையோடு தொடர்புள்ள 202 இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. ஆராயப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த அளவுகோல் நீடாமங்கலத்துக்கு எவ்வளவு பொருந்தும்? இன்னொன்று: மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் ஒரு வடிவம் இருப்பவர்கள் துன்பம் வந்தால் மனச்சோர்வில் விழுவார்கள் என்று 2003-இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று சொன்னது. பெரிய பரபரப்பு. பிறகு லட்சக்கணக்கானோரை வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. ஆனாலும் ‘மன அழுத்த மரபணு’ என்று விற்பனை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் எனக்குக் காசில்லாமல் எழுதி அனுப்பிய குடும்பக் கதை அந்த அறிக்கையைவிட எனக்கு அதிகம் சொல்லிவிட்டது.

மகனைத் திட்டாதீர்கள். உடம்புக்குள் கடிகாரம் இருப்பது ஆலைக்கு வரும் நெல்லுக்கே உண்டு. பழைய சம்பா ரகங்கள் பலவற்றை முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பகல் சுருங்குகிற காலத்தில்தான் கதிர் விடும். ஆடுதுறை 36 போன்றவையோ பட்டத்தைப் பார்க்காமல் நாளை எண்ணி 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். இரண்டும் விதையிலேயே எழுதப்பட்ட குணம். மனிதர்களிலும் வைகறை ஆட்களும் இரவு ஆட்களும் உண்டு. 1971-இல் பழ ஈக்களிடம் இதற்கான மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதன் நுட்பத்தை விளக்கியதற்கு 2017-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏழரைக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்துவிடும் என் தாத்தாவை பிரம்ம முகூர்த்தம் தவறாதவர் என்று ஊரே புகழும். அவர் தலைமாட்டில் இருந்தது பக்தியா மரபணுவா என்று எனக்கு இப்போது சந்தேகம். உங்கள் மகனுக்கு வயதே கடிகாரத்தைத் தள்ளிப்போடுகிறது; கைப்பேசி இன்னும் ஒரு மணி நேரம் தள்ளுகிறது. முதலாவதை ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாவதைக் கூடத்திலேயே சார்ஜ் போட வைக்கலாம்.

உங்கள் மறதி இப்போதைக்குத் தூக்கக் கடன்தான். தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்த்துவிடுங்கள். மாலைக் காபியைக் கேட்காமல் விடமாட்டேன். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அதைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியின் மரபணு சிலருக்கு மந்தம். பத்து மணிக்கு டிகிரி காபி குடித்துவிட்டுக் குறட்டை விடுகிற கணவரோடு போட்டி போடாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். பதினொன்றுக்கு முன் படுக்காதீர்கள், ஐந்துக்கு எழுவதை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கால் சரியாகாமல் இவை எதுவும் முழுப் பலன் தராது.

ஃபெரிட்டின் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவருக்கு அதோடு சர்க்கரையும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் கால் இப்படிக் குடையும். இத்தனை வருடமாகப் பிள்ளைகளின் கைகளை மட்டுமே மருந்தாக வைத்து ஓட்டியிருக்கிறார்.